மறு: 'சைட் எஃபெக்ட்': நிலநடுக்கவியலில் தமிழ்ச்சொல் என்ன?

அன்பர்களுக்கு வணக்கம். ஒரே நிலநடுக்கம் அந்தந்த இடத்து நிலத்துக்கேற்ப வெவ்வேறாக ஆட்டுவதை ஆங்கிலத்தில் 'சைட் எஃபெக்ட்' (site effect) என்கிறார்கள். நம் அகராதிக்கு அதன் தமிழ்ச்சொல் என்ன என்ற கேள்விக்கு வந்த முன்மொழிவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> 'தள விளைவு' என்றே வைத்துவிடலாமே. சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் தளம் என்றதும் இன்றைக்கு இணையதளம் நினைவுக்கு வரும், அதை விட்டால் மாடி. 'பத்துத் தளக் கட்டடத்தில் தள விளைவு' என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள், சிக்கல் தெரியும். அப்படியே ஒலிபெயர்த்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை. 'சைட் எஃபெக்ட்' என்றால் நம்மவர்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

இந்தச் சொல் எதையெல்லாம் சுமக்க வேண்டும் என்று முதலில் பார்ப்போம். மெக்சிகோ நகரம், 1985 செப்டம்பர் 19. நிலநடுக்க அளவு 8.0. நடுக்கம் பிறந்தது பசிபிக் கரையோரம், மிச்சோவகான் மாநிலத்தை ஒட்டி. நகரத்துக்கும் அதற்கும் 350 கி.மீ.க்குக் குறையாது. அவ்வளவு தூரம் வந்தால் அலை தேய வேண்டும், தேய்ந்தும்தான் வந்தது. தெற்கே எரிமலைப் பாறைமேல் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் பதிவான உச்ச முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ 3 அல்லது 4 விழுக்காடுதான். அதே நகரில், பழைய டெஸ்கோகோ ஏரிப் படுகையில் இருந்த இன்னொரு கருவி சுமார் 17 விழுக்காடு காட்டியது. மூலம் ஒன்று, தொலைவிலும் பெரிய வேறுபாடில்லை. நிலம் வேறு, அவ்வளவுதான்.

அந்த ஏரிக்களிமண்ணில் திடப்பொருளைவிட நீரின் எடை பல மடங்கு. பாறையில் விரைந்து வரும் குறுக்கலை (செல்லும் திசைக்குக் குறுக்காக நிலத்தை ஆட்டும் அலை) அதற்குள் நுழைந்ததும் நொடிக்கு 75 மீட்டர் அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது. வேகம் குறைந்தால் வீச்சு, அதாவது ஆட்டத்தின் அளவு, கூடும். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அலை மேற்பரப்புக்கும் அடிப்பாறைக்கும் நடுவே மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப எதிரொலித்தது. களிமண் ஆழத்தை நான்கால் பெருக்கி அலைவேகத்தால் வகுத்தால் அந்தப் படுகையின் இயல்பான அலைவுக்காலம், அதாவது ஒருமுறை ஆடி முடிக்க ஆகும் நேரம், கிடைக்கும். 38 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் 2 நொடி. கட்டடத்துக்கு மாடி ஒன்றுக்கு 0.1 நொடி என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. பத்து மாடிக்கு 1 நொடி வரும். விரிசல் விழ விழக் கட்டடம் தளர்ந்து அதன் அலைவுக்காலம் நீளும், மண்ணின் 2 நொடியை நெருங்கும். பெரும்பாலும் 6 முதல் 15 மாடி வரையான கட்டடங்களே நொறுங்கின. அவற்றின் அருகிலேயே தாழ்ந்த பழைய கற்கட்டடங்கள் பல தப்பின. 44 மாடி லத்தீன் அமெரிக்கக் கோபுரமும் நின்றது.

இதே தேதியில், 2017இல், அளவு 7.1 நடுக்கம் நகரத்துக்கு இன்னும் கிட்டத்தில் வந்தது. அப்போது களிமண் மெலிந்த, அதனால் அலைவுக்காலமும் குறைந்த மேற்கு ஓரத்தில், பெரும்பாலும் குட்டையான கட்டடங்கள் விழுந்தன.

இதை வைத்துக்கொண்டு மற்ற முன்மொழிவுகளைப் பார்க்கிறேன்.

> 'மண் பெருக்கம்'

மண் பெருகியதாகப் பொருள் படும். அதைவிடப் பெரிய குறை, நிலம் எப்போதும் அதிர்வைப் பெருக்குவதில்லை. கடும் நடுக்கத்தில் மென்மண் தானே இளகி, விரைவு அதிர்வுகளை விழுங்கிவிடுவதும் உண்டு. 2015 ஏப்ரல் நேபாள நடுக்கத்தில் காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் 4, 5 நொடி மெல்லலைவு ஓங்கியிருந்தது. விரைவு அதிர்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. கூட்டலையும் கழித்தலையும் ஒரே சொல் தாங்க வேண்டுமானால் 'பெருக்கம்' அதன் பெயரில் இருக்கக் கூடாது.

> 'மண் விளைவு'

இது கிட்டத்தட்டச் சரி. ஆனால் மலைமுகடு அடிவாரத்தைவிடக் கூடுதலாக ஆடுவதும், பள்ளத்தாக்கின் கிண்ண வடிவம் அலையைச் சிறைப்பிடிப்பதும் இதே தலைப்பில்தான் அடங்கும். அங்கே காரணம் மண் மட்டுமல்ல, நிலத்தின் வடிவமும் சேர்த்தி.

என் முன்மொழிவு நிலவாகு. ஒரே மழையில் நனைந்த இருவரில் ஒருவருக்கு மட்டும் காய்ச்சல் வந்தால் 'அவன் உடல்வாகு அப்படி' என்கிறோம். வடிவம், உறுதி, உள்ளியல்பு மூன்றையும் அந்த 'வாகு' சேர்த்துப் பிடிக்கிறது. 'வாகாக' என்றால் வசதியாக என்றும் பொருள் உண்டே என்று யாராவது கேட்பீர்கள். நிலத்தோடு ஒட்டி வரும்போது அந்தக் குழப்பம் நேராது என்பது என் எண்ணம். கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன: நிலவாகு விளைவு, நிலவாகு மிகைப்பு, நிலவாகு வகை. நிலநடுக்கம் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893, அதன் 2016 பதிப்பில், பாறை அல்லது கடினமண், நடுத்தரமண், மென்மண் என்று மூன்றாகப் பிரித்ததை 'நிலவாகு வகை' என்றே குறிக்கலாம்.

மண்ணின் அலைவுக்காலமும் கட்டடத்தின் அலைவுக்காலமும் ஒத்துப்போய் ஆட்டம் ஓங்குவதான ஒத்ததிர்வு பற்றி யாழ்ப்பாண நண்பர் கேட்டிருந்தார். இலங்கைப் பாடநூல்களின் 'பரிவு' ஒத்ததிர்வைவிட அழகான சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 'களிமண் கட்டடத்தோடு பரிவுற்றது' என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் மண்ணுக்கு இரக்கம் வந்ததாக எண்ணிக்கொள்வார். அகராதிப் பதிவில் இரண்டையும் தருவோம்.

நீர் செறிந்த மணல் குழம்பாகி வலுவிழப்பதை இதோடு சேர்க்க வேண்டாம். 1964இல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடி வீடுகள் உடையாமலே சாய்ந்து படுத்தது அதனால்தான். அதற்கு 'மண் நீர்மமாதல்' என்று தனிப் பதிவு இருக்கட்டும்.

பதிவுக்கான வரைவு:

நிலவாகு விளைவு (பெ.): ஓரிடத்து மண்ணின் மென்மை, அதன் ஆழம், அடிப்பாறை, நிலப்பரப்பின் வடிவம் ஆகியவற்றால் நிலநடுக்க அதிர்வின் வீச்சும் அலைவுக்காலமும் நீடிப்பும் மாறுவது. எ-டு: 1985, மெக்சிகோ நகரம்.

அதிர்வு நீடிக்கும் நேரத்துக்கு 'நீடிப்பு' சரிதானா, 'கால அளவு' போதுமா என்பதில் எனக்கு இன்னும் இழுபறி. கட்டுமானத்துறை நண்பர்கள் சொல்லுங்கள்.