காப்பீட்டுப் பட்டியலில் பெயர்கள் உண்டு, தெரபிஸ்ட் கிடைக்கவில்லை: காலிஃபோர்னியாவில் என்ன செய்யலாம்?

முல்லை:
அனைவருக்கும் வணக்கம். சான் ஹோசேயில் வசிக்கிறோம். பதின்ம வயது மகளுக்குப் பதற்றநோய் இருப்பதாகவும், விரைவில் தெரபிஸ்டிடம் (பேச்சு வழி மனநலச் சிகிச்சை தருபவரிடம்) அழைத்துச் செல்லுமாறும் குழந்தை மருத்துவர் கூறினார். கணவரின் அலுவலகக் காப்பீட்டில் நீண்ட பட்டியல் இருக்கிறது. ஆனால் அழைத்தால், சிலர் நெட்வொர்க்கிலிருந்து (காப்பீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தமுள்ளவர்களின் வட்டத்திலிருந்து) விலகிவிட்டோம் என்கிறார்கள், சிலர் புதியவர்களைச் சேர்ப்பதில்லை என்கிறார்கள், பல எண்களில் பதிலே இல்லை. வெளியில் வாரந்தோறும் முழுக் கட்டணம் கொடுக்க எங்களால் இயலாது. மகள் பள்ளிக்குப் போகவே தயங்குகிறாள். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆதிரை:
பலருக்கும் இதே நிலைதான், முல்லை. 2023-இல் அமெரிக்க செனட்டின் நிதிக் குழு அலுவலர்கள், மெடிகேர் அட்வான்டேஜ் (முதியோருக்கான அரசுக் காப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் வழங்கும் வகை) திட்டங்கள் 12-இன் பட்டியல்களிலிருந்து 120 மனநலச் சேவையாளர்களை அழைத்துப் பார்த்தபோது, 18 விழுக்காட்டு அழைப்புகளில்தான் சந்திப்பு நேரம் கிடைத்தது. காப்பீட்டு நிறுவனங்கள் தரும் தொகை குறைவு என்பதால் தெரபிஸ்டுகள் விலகுகிறார்கள். பட்டியலில் பெயர் மட்டும் நிற்கிறது.

இனி நீங்களே தேடிக் களைத்துப்போக வேண்டாம், தேடித் தரும்படி நிறுவனத்தையே கேளுங்கள். காலிஃபோர்னியாச் சட்டப்படி, அவசரமில்லாத நிலையிலும் தெரபிஸ்டின் முதல் சந்திப்பு 10 வேலை நாட்களுக்குள் கிடைக்க வேண்டும். மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவரான சைக்கியாட்ரிஸ்ட் என்றால் 15 வேலை நாட்கள். தெரபிஸ்டின் தொடர் சந்திப்புகளுக்கும் 10 வேலை நாள் வரம்பை 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் விதித்திருக்கிறது. நெட்வொர்க்கில் ஆளில்லை எனில், வெளியிலுள்ளவரிடம் நிறுவனமே ஏற்பாடு செய்து, நெட்வொர்க்குக்குரிய கோபேயை (ஒவ்வொரு சந்திப்புக்கும் நீங்கள் தரும் பங்கை) மட்டும் உங்களிடம் வாங்க வேண்டும். யாரை, எந்தத் தேதியில் அழைத்தீர்கள், என்ன பதில் வந்தது என்பதை எழுதி, முறையான புகாராகவே அனுப்புங்கள்.

நெய்தல்:
அதற்குமுன் ஒன்றைக் கேட்டறியுங்கள். பெரிய நிறுவனங்கள் பல, ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்று, காப்பீட்டு நிறுவனத்தை நிர்வாகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கின்றன. அத்தகைய திட்டத்துக்கு மாநிலத்தின் இந்த நாள் வரம்பு பொருந்தாது; கூட்டாட்சித் தொழிலாளர் துறையைத்தான் அணுக வேண்டும். ஆனால் பட்டியலை நம்பிச் சென்று, பிறகு அவர் நெட்வொர்க்கில் இல்லை எனத் தெரியவந்தால், நெட்வொர்க்குக்குரிய பங்கை மட்டும் செலுத்தினால் போதும் என்ற 2022-இன் கூட்டாட்சி விதி இந்த இருவகைத் திட்டங்களுக்கும் உண்டு. பட்டியல் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள்.

முல்லை:
மிக்க நன்றி. அலுவலகத்தில் விசாரித்தோம், எங்களுடையது மாநில ஒழுங்குமுறைக்கு உட்பட்ட எச்எம்ஓ (பொதுவாக நெட்வொர்க்கிலுள்ளவர்களிடமே செல்ல வேண்டிய) திட்டம்தானாம். இன்றே புகாரை அனுப்புகிறேன்.

ஆதிரை:
நல்லது. 30 நாட்களில் தீர்வு வராவிட்டால், இத்தகைய திட்டங்களைக் கண்காணிக்கும் மாநிலத் துறையான டிஎம்எச்சியின் உதவி மையத்தில் முறையிடலாம். அவசரமென்றால் அந்த 30 நாட்கள் காத்திருக்கவே தேவையில்லை. மகள் தன்னைத் துன்புறுத்திக்கொள்வதாகப் பேசினால், நெட்வொர்க்கைப் பற்றி யோசிக்காமல் உடனே 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள்.