மறு: ‘கண்டன்சர்’ எது? எடுப்புத்தேக்கி, ஓட்டத்தேக்கி, சூடாற்றி

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மோட்டாரைக் கிளப்பிவிடும் மின்தேக்கியான ‘ஸ்டார்ட் கெபாசிட்டர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை முதல் மடலிலிருந்து படித்து வருகிறேன். பாளையங்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சரியான சொல் இல்லாததால் என் வீட்டிலேயே போன மாதம் ஒரு குழப்பம் நடந்தது. அதைச் சொல்லிவிட்டுப் பரிந்துரைக்கு வருகிறேன்.

என் அக்கா மகன் டெக்ஸசில் இருக்கிறான். காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகும் வீட்டு வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறான். (கூண்டு வண்டி என்றே அதைச் சொல்லலாம் என்பது என் எண்ணம். அதை வேறு இழையில் பேசுவோம்.) கூரைமேல் ஒரே பெட்டியாக ஏசி, 120 வோல்ட், குளிர்விக்கும் திறன் 13,500 பிடியு. இரவில் கூப்பிட்டான்.

“மாமா, ஃபேன் ஓடுது, காத்துதான் குளிர மாட்டுக்கு. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க ‘ம்ம்’முங்குது, பொறவு டிக்குனு நின்னுருது.”

“கம்ப்ரசர் முக்குதுடே. எடுக்க மாட்டுக்கு. கண்டன்சர் போயிருக்கும், மாத்து” என்றேன்.

நம் பக்கத்தில் சீலிங் ஃபேனுக்குள் இருக்கும் சின்ன டப்பா, அதாவது மின்தேக்கி, கண்டன்சர். மும்முனை மின்சாரம் வராத நேரத்தில் இருமுனையிலேயே கிணற்று மோட்டாரை ஓட்ட விவசாயிகள் மாட்டிவைத்த பெட்டியும் கண்டன்சர். அந்தப் பழக்கத்தில் சொன்னேன். ஆனால் ஏசியில் கண்டன்சர் என்பது உள்ளே இருந்து எடுத்த சூட்டை வெளியே விடும் சுருள். அவன் அதைத்தான் புரிந்துகொண்டான். அந்தப் பெட்டியில் வாயுக் குழாய்கள் மொத்தமும் மூடிப் பற்றவைத்தவை. சுருளை மட்டும் கழற்றி மாற்றுவது கட்டுப்படியாகாது. முழுப் பெட்டியையே புதிதாக வாங்க விலை கேட்டுவிட்டான். கைக்குழந்தையோடு இரண்டு நாள் அந்த வெக்கையில் கிடந்திருக்கிறார்கள். தவறான சொல்லைச் சொன்னவன் நான் என்பதால் அது இன்னும் உறுத்துகிறது.

மூன்றாம் நாள் வீடியோவில் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சோதித்தோம். முதலில் மின்னழுத்தம். கம்ப்ரசர் ஓடாதபோது 118 இருந்தது, முக்கும்போது 101க்கு இறங்கியது. வண்டி நிறுத்தும் இடத்தின் மின்கம்பத்திலிருந்து 50 அடிக்கு மெலிந்த ஒயர் இழுத்திருந்தான். எடுக்கும் வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 120க்குப் பதில் 101 வந்தால் வலு ஏறத்தாழ 70 விழுக்காடுதான் மிஞ்சும். அடுத்து பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, கூரையேறி மூடியைக் கழற்றி, டப்பாவின் முனைகளுக்குக் குறுக்கே 20 ஆயிரம் ஓம் மின்தடையை வைத்துத் தேங்கிய மின்சாரத்தை வடியவிடச் சொன்னேன். இதை விட்டுவிட்டு யாரும் அதில் கை வைக்காதீர்கள்; மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அது அடிக்கும். தேக்கும் அளவு 45 மைக்ரோபாரட் என்று மேலே அச்சிட்டிருந்தது, மீட்டர் 31 காட்டியது. அதே அளவில் புதியது போட்டு, தடித்த ஒயருக்கு மாற்றியதும் முதல் தடவையிலேயே எடுத்துவிட்டது. அரைமணி கழித்து உள்ளே போகும் காற்று 29 டிகிரி, வெளிவரும் காற்று 18. நன்றாகக் குளிரும் ஏசிக்கு இந்த வித்தியாசம் சரிதான்.

இனி சொற்கள்.

> ‘தொடக்க மின்தேக்கி’ போதுமே? பாடநூல் நடைக்கும் ஒத்துவருகிறது.

பொருள் தெளிவுதான். ஆனால் தொடக்கம் காலத்தைச் சொல்கிற சொல். ஒருமுனை மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்கு இருக்கும் சங்கடம் நேரத்தைப் பற்றியதே இல்லை. ஒற்றைக் காயிலில் பாயும் மின்சாரத்தின் காந்தப்புலம் நின்ற இடத்திலேயே கூடிக் குறையுமே தவிர சுழலாது. இரண்டாவது காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தை மின்தேக்கி சற்று முன்தள்ளிக் கொடுத்தால்தான் புலம் சுழலும், மோட்டார் பாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். அந்தத் தூக்கலுக்கு நம் வாயில் ஏற்கெனவே சொல் இருக்கிறது. ‘லோ வோல்டேஜ்ல மோட்டார் எடுக்காது’ என்று நாங்குநேரியிலும் சொல்கிறார்கள், அம்பாசமுத்திரத்திலும் சொல்கிறார்கள். மேடேறும் வண்டி எடுக்கவில்லை என்கிறோம். தமிழிசையில் பாட்டைக் கிளப்பும் பல்லவிக்கே எடுப்பு என்றுதான் பெயர். ஆகவே கிளம்பும் நொடியில் மட்டும் சேர்ந்து பிறகு விலகும் டப்பா எடுப்புத்தேக்கி. மோட்டார் ஓடும்வரை மின்சுற்றிலேயே இருப்பது ஓட்டத்தேக்கி. மின்தேக்கி என்பதில் எனக்குக் குறையில்லை. கூட்டுச்சொல் கடையில் புழங்க வேண்டுமென்றால் நீளம் குறைய வேண்டும், அதனால்தான் ‘மின்’னை விட்டேன்.

> உங்கள் மருமகன் வண்டியில் கெட்டது ஓட்டத்தேக்கி. அது கெட்டு மோட்டார் எடுக்காமல் போனதென்றால் எடுப்பு–ஓட்டம் என்ற பிரிவே தவறாகாதா?

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். ஓட்டத்தேக்கி கிளம்பும்போதும் வேலை செய்கிறது. பல கம்ப்ரசர்களில் எடுப்புக்கென்று தனித் தேக்கியே கிடையாது. அப்படியானால் இரண்டையும் பிரிப்பது செய்யும் வேலை அல்ல, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் மின்சுற்றில் இருக்கிறது என்பதுதான். மெக்கானிக்குக்கு வேண்டியதும் அதுதான். எடுப்புத்தேக்கி விலகாமல் மாட்டிக்கொண்டால் சூடேறி வெடிக்கும். ஓட்டத்தேக்கி விலகினால் மோட்டார் திணறும். பிரிவை வைத்துக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன்.

> ‘எடுப்பு’ என்றால் எனக்குப் பழைய எடுப்புக் கக்கூஸ்தான் நினைவுக்கு வருகிறது. மன்னிக்கவும்.

மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. மனிதரை மனிதர் இழிவுபடுத்திய ஒரு வேலையின் பெயரோடு இந்தச் சொல் ஒட்டியிருந்தது உண்மை. அந்த நினைவு உள்ளவர்களிடம் இதைத் திணிக்க மாட்டேன். அவர்களுக்கு ஏற்ற மாற்றாக ‘கிளப்புத்தேக்கி’ என்பதையும் பட்டியலில் வைக்கிறேன். என் கடைப் பையன்களிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். எடுப்பு உடனே பிடிபட்டது.

சுருள் வகைக்கு ஒருவர் ‘வெப்பச்சுருள்’ என்று எழுதியிருந்தார். அது ஹீட்டர் காயிலுக்குத்தான் பொருந்தும். கண்டன்சர் சூட்டை உண்டாக்குவதில்லை. சூடேறி வரும் வாயுவை ஆற்றி நீர்மமாக்குகிறது. டீக்கடையில் பாலை ஆற்றுகிறோமே, அதே வினை. சூடாற்றி என்று சொன்னால் தேக்கியோடு குழம்பவே வழியில்லை.

மூன்றாவதாக ‘முக்கல்’. மோட்டார் சுழலாமல் மின்சாரத்தை மட்டும் இழுத்துக்கொண்டு இரைகிற அந்த நிலையை நெடிய சொற்றொடரால் விளக்க வேண்டியதில்லை. தேக்கி வலுவிழந்தாலும் முக்கும், மின்னழுத்தம் இறங்கினாலும் முக்கும். அணைத்தவுடன் திரும்பப் போட்டாலும் முக்கும். வாயு அழுத்தம் இரு பக்கமும் சமமாக 3 நிமிடமாவது விட வேண்டும். உள்ளே இரும்பு இறுகிப்போயிருந்தாலும் முக்கும். காரணம் நான்கு, அறிகுறி ஒன்று. அறிகுறிக்குத் தனிப்பெயர் இருந்தால்தான் தொலைபேசியில் கேட்கிறவன் அவசரப்பட்டு என்னைப்போல் ஒரே காரணத்தைச் சொல்லிவிட மாட்டான்.

சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டபோது அந்தப் பணியில் முன்நின்ற இ.மு. சுப்பிரமணிய பிள்ளை நம் திருநெல்வேலிக்காரர். அவர்கள் கல்விக்கூடத்துக்குச் சொல் தேடினார்கள். பட்டறைக்குச் சொல் தேடும் வேலை நம்மிடம் மிச்சம் இருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்கு அமையவில்லை. மோட்டார் வேகம் பிடித்ததும் எடுப்புத்தேக்கியைக் கழற்றிவிடும் அந்தச் சின்ன ரிலே. ‘விடுப்பி’ என்று எழுதிப் பார்த்தேன், லீவு விண்ணப்பம்போல் இருக்கிறது. ‘கழற்றி’ என்றால் ஸ்பானர் ஆகிவிடுகிறது. கோவைப் பக்கம் பம்பு மோட்டார் பட்டறைகளில் அதை என்னவென்று சொல்கிறார்கள்? அங்கிருக்கும் நண்பர்கள் யாராவது நேரில் போய்க் கேட்டு எழுதுங்கள்.