புதுப்பிப்பு: லெக்சிங்டன் போய்ச் சாப்பிட்டாயிற்று

வட கரோலினாவுக்குக் குடும்பத்தோடு போகிறோம், பார்பிக்யூ எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தேன் இல்லையா, நிறையப் பேர் லெக்சிங்டனைச் சொன்னீர்கள். போனோம். அங்கே பன்றியின் தோள்பட்டைக் கறிதான் ராஜா. ஹிக்கரி விறகுத் தணலில் மணிக்கணக்காக வாட்டி, பொடியாக நறுக்கி, வினிகரும் கொஞ்சம் கெட்சப்பும் மிளகாயும் கலந்த தண்ணியான சாஸை ஊற்றித் தருகிறார்கள். கருகின வெளிப்பகுதியைக் கேட்டு வாங்குங்கள், ருசியே அதில்தான். கிழக்கே போனால் முழுப் பன்றி, கெட்சப்பே சேர்க்க மாட்டார்கள். அம்மாவுக்குப் பன்றிக்கறி ஆகாது (எதிர்பார்த்ததுதான்), சோளமாவில் பொரித்த ஹஷ் பப்பியை வைத்து ஒப்பேற்றிவிட்டார். அப்புறம், தங்கியிருந்த வீட்டுக்காரம்மா தன் கையால் செய்த பனானா புட்டிங்! வெனிலா பிஸ்கட்டெல்லாம் கஸ்டர்டில் ஊறிப் பஞ்சாகியிருந்தது. அம்மா வெட்கப்படாமல் இன்னொரு கிண்ணம் கேட்டார்.