22 அடி அவுட்போர்டு படகுக்கு எந்தக் கடல் நங்கூரம் வாங்கலாம்?

கேட்டவர்: தூண்டில்காரன்

வணக்கம். படகு 22 அடி ஃபைபர். பின்னால் வெளியே மாட்டிய ஒற்றை 115 குதிரைத்திறன் அவுட்போர்டு இஞ்சின், நடுவில் ஸ்டீயரிங், மேலே துணிக்கூரை. பெட்ரோல், நாலு ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 1.8 டன் வரும். புதுச்சேரியிலிருந்து 25 கிலோமீட்டர் வரை தூண்டிலுக்குப் போகிறோம். அந்த ஆழத்துக்கு எங்கள் நங்கூரக் கயிறு எட்டாது. இஞ்சின் நின்றால் படகு பக்கவாட்டில் திரும்பி அலையை விலாவில் வாங்கும். அதைத் தடுக்கத்தான் கடல் நங்கூரம் (தரையைத் தொடாமல் தண்ணீரைப் பிடித்து, படகைக் காற்றுக்கு முகமாக நிறுத்துகிற துணிச் சாமான்) தேடுகிறேன். கடையில் கூம்பு மாதிரி ஒன்று (வாய் 90 செ.மீ.), பாராசூட் மாதிரி ஒன்று (விட்டம் 2.7 மீட்டர்) காட்டுகிறார்கள். எது சரி? கயிறு என்ன, எவ்வளவு?

---

பதில்: அமரம்

பாராசூட்டை வாங்குங்கள். காரணத்தைக் கணக்காகவே பாருங்கள். படகு காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும்போது காற்று படுகிற பரப்பு 2 சதுர மீட்டர் என்று வையுங்கள். 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர்) காற்றில் தள்ளுவிசை ஏறக்குறைய 28 கிலோ. அந்த விசையைத் தாங்கி நிற்க 90 செ.மீ. கூம்பு மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் இழுபட வேண்டும். 2.7 மீட்டர் பாராசூட்டுக்கு 1 கிலோமீட்டர் போதும். ராத்திரி பத்து மணி நேரம் கிடந்தால் ஒன்றில் 30 கிலோமீட்டர், மற்றதில் 10. துணிக்கூரையை விரித்தே வைத்திருந்தால் இரண்டும் கூடும், அதனால் முதல் வேலை கூரையை மடக்கிக் கட்டுவது.

படகு நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே விட்டம் இருக்கட்டும் என்பது பொதுக்கணக்கு. உங்களுக்கு 2.3 மீட்டர் வரும், 2.7 வாங்குவதில் தப்பில்லை. கூம்பு வீண் என்று சொல்லவில்லை. நல்ல கடலில் தூண்டில் போடும்போது படகு ஓடாமல் மெதுவாக நகர அதுதான் வசதி, ஒரு ஆளே இழுத்து எடுத்துவிடலாம். ஆபத்துக்கு அதை நம்பாதீர்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: கடல் நங்கூரம் காற்றைத்தான் எதிர்க்கும். நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் நங்கூரமும் படகும் சேர்ந்தே போகும். அதனால் போட்ட கையோடு ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்து, அரை மணிக்கு ஒரு தரம் நகர்வைப் பாருங்கள். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கோ விஎச்எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனலிலோ சொல்லும்போது நிற்கிற இடத்தோடு, நகர்கிற திசையையும் சொன்னால் தேடுகிறவர்களுக்கு வேலை பாதி குறையும்.

---

பதில்: வடக்கயிறு

கயிற்றைப் பற்றி நான் சொல்கிறேன், நிறையப் பேர் தப்பு செய்கிற இடம் அதுதான். மீன்பிடிச் சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிற பாலிப்ரொப்பிலீன் கயிறு வேண்டாம். அது மிதக்கும், இஞ்சின் விசிறியில் போய்ச் சுற்றும், வெயிலில் பொடியும், நைலான் அளவுக்கு இழுபட்டும் கொடுக்காது. 12 மி.மீ. முப்புரி நைலான் 100 மீட்டர் வாங்குங்கள். அலை தூக்கும்போது நைலான் பத்து விழுக்காட்டுக்கு மேல் நீண்டு கொடுக்கும். அந்த நீட்சிதான் கிளீட்டை (படகில் கயிறு கட்டுகிற கொம்பை) பிடுங்கிப்போகாமல் காக்கிறது.

எவ்வளவு விட வேண்டும் என்பதை அலை சொல்லும். 6 வினாடிக்கு ஒரு அலை வந்தால் முகட்டுக்கு முகடு சுமார் 56 மீட்டர், 5 வினாடி என்றால் 39 மீட்டர். படகு முகட்டில் ஏறும்போது பாராசூட்டும் வேறொரு முகட்டின் கீழே இருக்க வேண்டும். ஒன்று முகட்டிலும் மற்றது பள்ளத்திலும் இருந்தால் கயிறு ஒரு கணம் தொளதொளக்கும், அடுத்த கணம் வெடுக்கென்று இழுக்கும். அப்படி இழுத்தால் ஐந்தைந்து மீட்டராக விட்டுப் பாருங்கள், ஒரு இடத்தில் அடங்கும்.

கோர்க்கிற வரிசை: பாராசூட் நூல்கள் சேருகிற வளையம், துருப்பிடிக்காத 316 ஸ்டீல் சுழலி, 8 மி.மீ. சங்கிலி 2 மீட்டர், பிறகு நைலான். சுழலி இல்லாவிட்டால் முப்புரிக் கயிறு பாரத்தில் புரி அவிழ்ந்து, தளர்ந்ததும் முடிச்சு முடிச்சாகச் சுருண்டுவிடும். இவற்றை இணைக்கிற ஷேக்கிள் (ஆணி போட்டு மூடுகிற U வளையம்) ஆணிகளைக் கம்பியால் கட்டிவிடுங்கள். பாராசூட் உச்சியில் 5 மீட்டர் கயிற்றில் ஒரு மிதவை கட்டினால் உடைகிற நுரைக்குக் கீழே சரியான ஆழத்தில் நிற்கும்.

கட்டுகிற இடம் அணியம் (படகின் முன்பக்கம்) மட்டும்தான். அவுட்போர்டுக்காக அமரத்தை (பின்பக்கத்தை) தாழ வெட்டியிருப்பார்கள். அங்கே கட்டினால் முதல் பெரிய அலையே உள்ளே ஏறிவிடும். அணியக் கிளீட்டின் அடியில் நட்டுக்குக் கீழே சின்ன வாஷர்தான் இருக்கிறதா என்று கை விட்டுப் பாருங்கள். இருந்தால் 6 மி.மீ. அலுமினியத் தகடு வைத்து மாற்றுங்கள்.

---

கேட்டவர்: தூண்டில்காரன்

ரொம்ப நன்றி அண்ணே. இன்னும் இரண்டு சந்தேகம். அணியம் ஒரு நிலையில் நிற்காமல் இடமும் வலமும் அலைவதாகச் சொல்கிறார்களே? அப்புறம், இவ்வளவு பெரிய பாராசூட்டைத் திரும்ப எடுப்பது எப்படி?

---

பதில்: அமரம்

அலைவதற்குக் காரணம், தண்ணீருக்குள் பிடிப்பு முழுக்கப் பின்னால், இஞ்சின் காலில் இருக்கிறது. காற்றுப் பிடிப்பு முன்னால். இஞ்சினைத் தூக்கிவிடுங்கள், பின்பக்கம் லேசாகத் திரும்பிக்கொடுக்கும். பாட்டரி செத்திருந்தால் இஞ்சினைத் தூக்குகிற பவர் டில்ட் வேலை செய்யாது. பிராக்கெட் பக்கவாட்டில் கையால் திறக்கிற திருகு ஒன்று இருக்கும், அது எங்கே என்று கரையிலேயே பார்த்து வையுங்கள். ஆட்களும் கனமான சாமானும் நடுவுக்கு வரட்டும்.

கயிறு தேய்வதுதான் ராத்திரியில் ஆபத்து. அணிய விளிம்பில் படுகிற இடத்தில் தோட்டக் குழாய் 60 செ.மீ. பிளந்து மாட்டி, இரண்டு முனையையும் கட்டுங்கள். அப்படியும் மணிக்கு ஒரு தரம் ஒரு சாண் கயிறு விட்டு, தேய்கிற இடத்தை மாற்றுங்கள்.

---

பதில்: வடக்கயிறு

போடும்போது: கயிற்றின் கடைசி முனையை முதலில் கிளீட்டில் கட்டியிருக்க வேண்டும். இதை மறந்து மொத்தத்தையும் கடலுக்குக் கொடுப்பது நடக்கிறது. கயிறு வாளிக்குள் அடுக்காக இருக்கட்டும். காற்று வருகிற பக்கமாகப் போடுங்கள், படகு தானாக விலகிப் போகும். மறுபக்கம் போட்டால் படகே அதன் மேல் ஏறும். 15 மீட்டர் போனதும் கிளீட்டில் ஒரு சுற்றுப் போட்டுப் பிடித்தால் பாராசூட் விரியும். விரிந்தது தெரிந்த பிறகு மீதியை விடுங்கள். கையில் மட்டும் சுற்றிப் பிடிக்காதீர்கள், விரல் போய்விடும்.

எடுப்பதற்கு, அந்த உச்சி மிதவையிலிருந்து 20 மீட்டர் மெல்லிய மிதக்கும் கயிறும் அதன் நுனியில் இன்னொரு மிதவையும் விட்டுவையுங்கள். இஞ்சின் ஓடினால் வடத்தை (அந்த நைலான் கயிற்றை) சேர்த்துக்கொண்டே மெதுவாக முன்னேறி, அந்த மிதவையைக் கொக்கியால் பிடித்து இழுத்தால் பாராசூட் தலைகீழாகி, தண்ணீர் வழிந்து துணியாகக் கையோடு வரும். வடத்துக்கு மேலே மட்டும் படகை ஓட்டாதீர்கள். இஞ்சின் இல்லை, காற்று இன்னும் அடிக்கிறது என்றால் எடுக்காமல் விட்டுவிடுங்கள், இழுவைப் படகு வந்ததும் பார்க்கலாம்.

---

பதில்: பாக்குக்கடல்

இதைப் படிக்கிற ராமேஸ்வரம், கோடியக்கரைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை. பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான் ஆழம். அங்கே இஞ்சின் நின்றால் சாதாரண நங்கூரத்தைப் போடுங்கள். 12 மீட்டர் ஆழத்துக்கு 5 மீட்டர் சங்கிலியும் 70 மீட்டர் கயிறும் இருந்தால் படகு நின்ற இடத்திலேயே நிற்கும், எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நீவாடு கொண்டுபோகாது. கடல் நங்கூரம் அங்கே இரண்டாவது சாமான்தான்.