மருந்து வளருமா? ‘முன்திரிபு’ பற்றி

வாய்வழி கொடுத்த மருந்து உடலெங்கும் பரவும் முன்பே குடற்சுவரிலும் கல்லீரலிலும் வேறு பொருளாக மாறுவதை ஆங்கிலத்தில் first-pass metabolism என்பார்கள். தமிழில் ‘முதற்கடப்பு வளர்சிதைமாற்றம்’. அதற்குப் பதிலாக ‘முன்திரிபு’ என்று சொல்லலாம் என்கிறேன். அதற்கு எழும் கேள்விகளும் என் பதில்களும் இவை.

> முதற்கடப்பு வளர்சிதைமாற்றம் என்றே வைத்துக்கொள்ளலாமே. புதிதாக எதற்கு?

பரீட்சைக்கு அது போதும். போன வாரம் கோத்தகிரிப் பக்கம் செம்மறி வைத்திருப்பவர் ஒருவரிடம் குடற்புழு மருந்தைப் பற்றிப் பேசும்போது இதே சொல்லைத்தான் சொன்னேன். “மருந்து வளருமா சார்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சரி, ‘மருந்துச் சிதைவு’ என்று சுருக்கினால்? அங்கேயும் இடிக்கிறது. ஆட்டின் வாயில் ஊற்றிய அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து குடலில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு ஆக்சிஜன் ஏறிச் சல்பாக்சைடு ஆகிறது. உடம்புக்குள் புழுவைக் கொல்வது பெரும்பாலும் இந்தச் சல்பாக்சைடுதான். இன்னொரு ஆக்சிஜனும் ஏறிச் சல்போன் ஆனால்தான் வீரியம் போகும். முதல் படியைப் போய்ச் சிதைவு என்பதா?

பள்ளியில் படித்த புணர்ச்சி விதியை நினைத்துப் பாருங்கள். மரம், வேர் சேர்ந்தால் மரவேர், மகரம் கெட்டது. பொன், குடம் சேர்ந்தால் பொற்குடம், னகரம் திரிந்தது. சல்பாக்சைடும் பொற்குடம் போலத்தான்: கெடவில்லை, திரிந்திருக்கிறது. ஆகவே ‘மருந்துத்திரிபு’. மருந்து உடலெங்கும் பரவும் முன்பே நடப்பது ‘முன்திரிபு’.

‘முதற்கடப்பு’ என்றால் குடற்சுவரும் கல்லீரலும் மட்டுமே நினைவுக்கு வரும். அசைபோடும் பிராணிக்கு முதல் வயிற்றிலேயே கச்சேரி தொடங்கிவிடுகிறது. குளோரம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை மாட்டுக்கு வாய்வழி கொடுத்தால் அங்குள்ள நுண்ணுயிர்களே அதைச் செயலிழக்க வைத்துவிடும். கல்லீரல் வரை போக வேண்டியதே இல்லை. முன்திரிபு என்றால் மூன்று இடமும் அடங்கும்.

> பால் திரிந்தது என்றால் ஊரில் கெட்டது என்றுதானே பொருள்? வைரஸ் திரிபு வேறு இருக்கிறது.

வைரஸுக்கு ‘மருந்து’ என்ற முன்னொட்டே வேலி. பால் விஷயம் நியாயமான கேள்வி. ஆனால் “திரிஞ்சு வேற ஒண்ணாகுது” என்றதும் அதே ஆட்டுக்காரர் தலையாட்டினார். தவிர, திரிந்த பால் திரும்பாது. சல்பாக்சைடோ முதல் வயிற்று நுண்ணுயிர்களிடம் ஆக்சிஜனைப் பறிகொடுத்து மறுபடி அல்பெண்டசோல் ஆகும். அதற்கு ‘மீள்திரிபு’ என்று சொல் தானாகவே கிடைக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. திரிந்து கிடைக்கும் பொருளுக்குத் ‘திரிபொருள்’ என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் படித்துவிட்டு, “விளக்குத் திரிக்கு என்ன பொருள்?” என்கிறார்கள். ‘திரிபுப்பொருள்’ நாக்கில் புரளவில்லை. வேறு யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?