வாடகை வீட்டுக் குசினிக்குக் குறைஞ்ச செலவில பெயின்ற்: உப்புப் பூத்த சுவர், எண்ணெய்ப் பிசுக்கு, அஸ்பெஸ்ரஸ் சீற்

உவர்மலை_மேல்மாடி:
திருகோணமலை உவர்மலையில மேல்மாடி வாடகை வீடு. குசினி 10 அடிக்கு 8 அடி, சுவர் உயரம் 9 அடி. அடுப்புப் பக்கம் எண்ணெய் மஞ்சளாய்ப் படிஞ்சிருக்கு. சிங்குக்குக் கீழ உப்புப் பூத்து பெயின்ற் உரியுது. மேல அஸ்பெஸ்ரஸ் சீற், கறுத்துப் போய்க் கிடக்கு. அலுமாரிக் கதவுகள் மெலமைன் பலகை. வீட்டுக்காரருக்குச் சம்மதம், ஆனா விட்டுப் போகேக்க பழைய மாதிரி இருக்கவேணுமாம். எவ்வளவு பெயின்ற் வேணும்? எதைத் தொடாம விடலாம்?

தும்புப்பிரஷ்:
பெயின்ற் வாங்க முதல் சிங்குக்குக் கீழ பாருங்கோ. மேல்மாடி எண்டபடியால் நிலத்து ஈரம் ஏறி வர வழியில்லை. கழிவுக் குழாய் மூட்டு கசியுது, இல்லாட்டி சிங்க் விளிம்பால தண்ணி இறங்குது. வெளிச்சுவர் எண்டால் வெடிப்பும் இருக்கலாம். ஒரு அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப்பால இறுக்கி ஒட்டி ஒரு நாள் விடுங்கோ. சுவர்ப்பக்கம் நீர்த்துளி நிண்டால் ஈரம் உள்ள இருக்கு. அதை நிப்பாட்டாம எந்தப் பெயின்றும் ஒட்டி நிக்காது.

உப்பைத் தண்ணியால கழுவவேண்டாம். கரைஞ்சு பூச்சுக்குள்ள போய், காயேக்க திரும்ப வெளிய வரும். காய்ஞ்ச தும்புப் பிரஷால தேய்ச்சுத் தூளை அள்ளுங்கோ. கசிவு நிண்ட பிறகு இரண்டு மூண்டு கிழமை காய விட்டு, திரும்பப் பொலித்தீன் ஒட்டிப் பார்த்துத்தான் பிரைமர் (பெயின்றுக்கு முதல் அடிக்கிற அடிப்பூச்சு). அந்த இடத்துக்கு இனாமல் (எண்ணெய்ப் பெயின்ற்) அடிச்சால் மிச்ச ஈரம் வெளிய வர வழியில்லாமல் கொப்பளிக்கும்.

எண்ணெய்ப் பக்கத்துக்கு 5 லீற்றர் வெந்நீரில இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா, கையுறை போட்டு, கீழ இருந்து மேல கழுவுங்கோ. மேல தொடங்கினால் வழியிற அழுக்குத் தண்ணி காய்ஞ்ச சுவரில கோடாய்ப் பிடிக்கும். பிறகு நல்ல தண்ணியால இரண்டு தரம் துடைக்கவேணும். சோடா மிஞ்சினால் அதுவும் பெயின்றைக் கிளப்பும். கழுவியும் மஞ்சள் தெரிஞ்சால், அந்த இடத்துக்கு மட்டும் தின்னர் கலக்கிற வெள்ளை அண்டர்கோட் ஒரு கை (ஒரு பூச்சு). இல்லாட்டி எமல்சனுக்கு (தண்ணி கலக்கிற சுவர்ப் பெயின்ற்) மேலால மஞ்சள் திரும்ப ஊறி வரும்.

கிண்ணியா_ரோலர்:
அளவு சொல்றன். சுற்றளவு 36 அடி, 9 அடி உயரத்துக்கு 324 சதுர அடி. கதவு, ஜன்னல், ரைல்ஸ், அலுமாரி போக ஏறத்தாழ 225 வரும். நல்ல சுவரில ஒரு லீற்றர் ஒரு கைக்குச் சுமார் 100 சதுர அடி பிடிக்கும். இரண்டு கைக்கு 4 லீற்றர் வாளி ஒண்டும் 1 லீற்றர் ரின் ஒண்டும் எடுங்க. இரண்டையும் ஒரே வாளியில ஊத்திக் கலந்துட்டு அடிங்க, ரின்னுக்கு ரின் நிறம் கொஞ்சம் மாறும்.

உள்ளங்கையால சுவரைத் தேய்ச்சுப் பாருங்க. மா மாதிரித் தூள் ஒட்டினா பழைய டிஸ்ரெம்பர் (மலிவான சுவர்ப் பூச்சு) இல்லாட்டி சுண்ணாம்பு. அதைச் சுரண்டாம, பிரைமரும் அடிக்காம எமல்சன் போட்டா தாள் மாதிரி உரிஞ்சு வரும். செலவு குறைக்க நினைச்சு மங்கலான மலிவு எமல்சன் வாங்காதீங்க. அது எண்ணெயை உறிஞ்சும், துடைக்கவும் ஏலாது. கழுவக்கூடிய, மெல்லிய மினுக்கம் உள்ளதுதான் குசினிக்கு. வெளிச்சுவர்ப் பெயின்ற் பலமானதுதான், ஆனா அதில பூஞ்சணக் கொல்லி மருந்து சேர்ந்திருக்கும். சமைக்கிற இடத்துக்கு வேணாம்.

கச்சான் காத்து (சூடான காய்ஞ்ச காத்து) அடிக்கிற நாளில மத்தியானத்துக்கு முதல் முடிங்க. சுடுசுவரில விளிம்பு உடன காய்ஞ்சு, ரோலர் கோடு கோடாய்த் தெரியும். ஒரு சுவரைத் தொடங்கினா நிப்பாட்டாம முடிக்கணும். ஒக்டோபர் பிந்தினா மழை, சுவர் காயாது.

வாடைக்காற்று:
எல்லாத்திலயும் முக்கியமானது அந்த அஸ்பெஸ்ரஸ் சீற். அரத்தாள், கம்பிப் பிரஷ், துளைபோடுறது எதுவுமே வேண்டாம். காய்ஞ்சபடி சுரண்டினால் நார் காற்றில பறக்கும், அது நுரையீரலுக்குள்ள போனால் லேசில வெளிய வராது. சாதாரணத் துணி மாஸ்க் அதை மறிக்காது. நனைஞ்ச மெல்லிய துணியால மெதுவா ஒத்தி எடுங்கோ, துணியைப் பொலித்தீனில கட்டி எறியுங்கோ. வெடிப்போ உதிர்வோ இருந்தால் ஒண்டும் செய்யாமல் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கோ. நல்ல சீற் எண்டால் நீளத் தடி ரோலரால வெள்ளை எமல்சன் மெதுவா உருட்டலாம்.

உவர்மலை_மேல்மாடி:
சீற்றைத் தொட மாட்டன், நன்றி. கதவுகளும் நிறமும்?

தும்புப்பிரஷ்:
வாடகை வீட்டில மெலமைனுக்கு அடிக்காதேங்கோ. வழுவழுப்பான பலகை, 220 நம்பர் அரத்தாளும் ஒட்டுப் பிரைமரும் இல்லாமல் கைபடுற இடம் உரியும், அடிச்சால் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் ஏலாது. ரைல்ஸும் அப்படித்தான். கதவுக் கைபிடியை மாத்துங்கோ, திருகாணி ஓட்டை இடைவெளி அளந்து அதே அளவில வாங்கி. பழையதைப் பையில போட்டு வையுங்கோ.

மூண்டு சுவருக்கு இப்ப இருக்கிற வெள்ளையையே அடியுங்கோ. நிறம் வேணுமெண்டால் அடுப்புக்கு எதிர்ச்சுவரில மட்டும், அதுவும் வெளிர் பச்சையோ மஞ்சளோ. கடும் நிறத்தைத் திரும்ப வெள்ளையாக்க பிரைமரும் இரண்டு கையும் வேணும், மிச்சம் பிடிச்ச காசு அங்க போகும். வீட்டுக்காரரிட்டப் பழைய பெயின்ற் நம்பரைக் கேட்டு, அடிக்க முதல் எடுத்த படத்தோட அவருக்கே வாட்ஸ்அப்பில அனுப்பி விடுங்கோ. அடிச்சு இரண்டு கிழமை வரைக்கும் சுவரைச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கவேண்டாம்.