மலைநாட்டு வீட்டுல கேட்ஜெட்டும் நாயும் பூனையும்: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

டிரிப் சுவிட்ச் (ஹட்டன் பக்கம்)

புதுச் சாமான் எது கிடைச்சாலும் பிரிச்சுப் பாத்து, மாட்டிப் பாத்து, அக்கம்பக்கத்துக்கும் மாட்டிக் குடுக்கிற ஆள் நான். வீட்டுல ஒரு நாட்டு நாய், ரெண்டு பூனை, எந்த ரிமோட்டையும் நம்பாத அம்மா. யூடியூப்ல சாமான் விமர்சனம் பண்றவங்க எல்லாம் கொழும்பு மாடி வீட்டையும் சென்னை அபார்ட்மென்டையும் மனசுல வச்சுத்தான் பேசுறாங்க. மிஸ்ட் இறங்கினா எதிர் லயத்து (தோட்டத்து வரிசை வீடு) லைட் தெரியாத எடத்துல, பொழுது சாய்ஞ்சா நாயை உள்ள எடுத்துப் போட வேண்டிய எடத்துல அதே சாமான் எப்படி நடந்துக்கும்னு நாமதான் சொல்லிக்கணும். நான் ஆரம்பிக்கிறேன், மத்தவங்களும் வாங்க.

கட்டார்ல இருந்து வந்த மச்சான் நாய்க்குனே ஒரு ஏர்டேக் (தொலைஞ்சதைத் தேட உதவுற ஆப்பிள் வில்லை) கொண்டாந்து குடுத்தாரு. அதுக்குள்ள ஜிபிஎஸ் கிடையாது, இது நெறைய பேருக்குத் தெரியாது. அது புளூடூத்துல தன் பேரைச் சொல்லிக்கிட்டே இருக்கும். பக்கத்துல போற ஐபோன் ஏதாவது அதைக் கேட்டு, இருக்கிற எடத்தை மேல அனுப்பும். ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நாயைக் கூட்டிட்டுப் போனா மேப்புல புள்ளி மேல புள்ளியா விழுது. தேயிலை மலைக்குள்ள போனா அப்படியே செத்துப் போயிடுது. கொழுந்து பறிக்கிற அக்காமார் கையில ஐபோனா இருக்கு? கூகிளும் இதே மாதிரி ஒண்ணு வச்சிருக்கு, ஆனா அதுவும் ஆள் நடமாட்டம் உள்ள எடத்துக்குத்தான் லாயக்கு. ஒரு டேக்கைப் பல போன் கேட்டாத்தான் எடத்தைச் சொல்லும்.

அப்போ சிம் போட்ட ஜிபிஎஸ் பட்டை? பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட இருந்து வாங்கிக் கட்டிப் பாத்தேன். வானத்துல இருந்து எடத்தை அது சரியாத்தான் கண்டுபிடிக்குது. கண்டுபிடிச்சதைச் சொல்றதுக்கு டவர் வேணுமே! ஆத்துப் பள்ளத்துல சிக்னல் இல்ல. நாய் திரும்ப மேட்டுக்கு ஏறி, வாசல்ல வந்து நின்னு வாலாட்டுது. அந்த நேரத்துலதான் ‘உங்கள் நாய் ஆற்றோரம் உள்ளது’னு மெசேஜ் வந்து விழுது. இப்போ கழுத்துல ஆட்டு மணி ஒண்ணும், போன் நம்பர் வெட்டின தகடு ஒண்ணும் தொங்குது. மிஸ்டுக்குள்ளயும் மணி கேக்கும், சார்ஜும் வேணாம்.

கேமரா விஷயம்தான் பெருசு, அதை விரிவாவே சொல்றேன். சிசிடிவியில கண்ணாடியைச் சுத்தி சின்னச் சின்ன லைட் இருக்குமே, அது இன்பிராரெட். நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்கு அதுதான் டோர்ச். மிஸ்ட் இறங்கின ராத்திரியில அந்த வெளிச்சம் தண்ணித் துளியில பட்டு நேரா கேமராவுக்கே திரும்பும். ரெக்கோர்டிங்கைப் போட்டா ஸ்கிரீன் முழுக்கப் பால் வெள்ளை. போதாததுக்கு அந்தச் சூட்டுக்கும் அங்க வர்ற பூச்சிக்கும் சிலந்தி வந்து கண்ணாடி மேலேயே வலை கட்டும். ஒரே ஒரு நூல் காத்துல ஆடினாலும் ‘ஆள் நடமாட்டம்’னு போனுக்கு அலர்ட். கடைக்காரங்க மெகாபிக்சலைப் பத்திப் பேசுவாங்களே தவிர இதைச் சொல்ல மாட்டாங்க.

வழி இருக்கு. கேமராவோட செட்டிங்ஸ்ல சொந்த இன்பிராரெட்டை அணைச்சிடுங்க. தனியா ஒரு இன்பிராரெட் விளக்கு வாங்கி, கேமராவை விட்டு நாலஞ்சு அடி தள்ளி, பக்கவாட்டுல அடிக்கிற மாதிரி மாட்டுங்க. நான் கொய்யா மரத்துல கட்டியிருக்கேன். வெளிச்சம் நேரா முகத்துக்குத் திரும்பாததால மிஸ்டுலயும் ஒரு பதினஞ்சு அடி வரைக்கும் உருவம் தெரியுது.

அது தெரியப் போயித்தான் அம்மா நம்பினாங்க. விடிகாலை ரெண்டரை மணி இருக்கும். கொய்யா மரத்தடியில இருந்து ஒரு சிறுத்தை அவசரமே இல்லாம நடந்து வருது. வால் நுனி மட்டும் மேல வளைஞ்சிருக்கு. தண்ணித் தாங்கிக்கிட்ட நின்னு, கவுத்து வச்சிருந்த நாய்ச் சட்டியை மோந்து பாக்குது, முன்னங்காலால ஒரு தட்டுத் தட்டி அதைப் புரட்டுது. பெறகு தலையைத் தூக்கி நேரா கேமராவைப் பாக்குது. ரெண்டு கண்ணும் ரெண்டு வெள்ளைப் பொட்டா மின்னுது. அப்படியே படிக்கட்டு வழியா தேயிலை மலைக்குள்ள எறங்கிடுச்சு. நாய் அந்நேரம் குசினியில அடுப்புப் பக்கம் கெடக்கு. குரைக்கவே இல்ல. அடித்தொண்டையில முனகின மாதிரி இருந்துச்சுனு அம்மா அப்புறம் சொன்னாங்க. வீடியோவைப் பாத்துட்டு, “புலி வந்த வீட்டுல போனைப் பாத்துக்கிட்டா இருக்கப் போற, தாப்பாளைப் போடுடா”னாங்க. நியாயம்தானே. போனுக்கு அலர்ட் வந்துதான் இருந்துச்சு, ஆனா எல்லாரும் தூக்கத்துல. கதவு சாத்தியிருந்துச்சு, நாய் பொழைச்சுச்சு.

ஒரு வேண்டுகோள். இந்த மாதிரி வீடியோவை எடத்தோட பேரைப் போட்டு வட்ஸ்அப்ல அனுப்பாதீங்க. நம்ம பக்கம் காட்டுப் பன்னிக்கு வைக்கிற கம்பிச் சுருக்குலதான் சிறுத்தை மாட்டிச் சாகுது. 2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கம் மரக்கறித் தோட்டத்துச் சுருக்குல மாட்டினது அபூர்வமான கருஞ்சிறுத்தை. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பாத்தும் காப்பாத்த முடியல.

ஊவாக் காற்று (பண்டாரவளை)

சகோ, கேமரா யோசனைக்கு நன்றி. நம்ம பக்கத்துல இருந்து ஒண்ணு. ஆள் நடந்தா எரியிற சோலார் லைட் எங்க வீட்டுல ஜூலை, ஆகஸ்டுல அருமையா வேலை செய்யுது. அதே லைட்டை மஸ்கெலியாவுல இருக்கிற தங்கச்சிக்கு வாங்கிக் குடுத்தா அங்க ராத்திரி எட்டு மணிக்கே கண்ணை மூடிடுது. காரணம் லைட்டுல இல்ல. தென்மேற்கு மழை உங்க பக்கம் கொட்டுற நேரம் எங்களுக்கு வெயிலும் காத்தும். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில மழை வரும்போது எங்க லைட்டும் படுத்துக்கும். ஆகவே ‘நல்ல சோலார் லைட் எது’னு பொதுவா கேக்காதீங்க, எந்த மலைச்சரிவுலனு சேத்துக் கேளுங்க.

குரங்கைப் பத்தி எழுத ஆரம்பிச்சா விடிஞ்சிடும். டிஷ் அன்டெனாவுல ஊஞ்சல் ஆடுதுங்க. 2025 மார்ச் 15ஆம் திகதி நாடு முழுக்கக் காலையில அஞ்சு நிமிஷம் குரங்கு, மயில், மலை அணில் எல்லாம் எண்ணச் சொன்னாங்களே, அந்த அஞ்சு நிமிஷம் மட்டும் எங்க கூரையில ஒண்ணைக் கூடக் காணோம்.

கொழுந்துக்கூடை (மஸ்கெலியா)

அண்ணே, நீங்க வாங்குற சாமானைப் பத்திச் சொல்றீங்க, நான் பிளக்கைப் பத்திச் சொல்றேன். எங்க லயத்துல பழைய வயரிங். 5 ஆம்ப் உருண்டைப் பின் சொக்கெட்தான் இருக்கு. இப்போ கடையில வர்ற கேத்தலுக்கெல்லாம் 13 ஆம்ப் சதுரப் பின். ஒரு அடாப்டரைச் செருகிப் போட்டுடுறாங்க. 230 வோல்ட்டை 5 ஆல் பெருக்கினா 1,150 வொட்தான் வருது, கேத்தல் 1,500, 2,000னு இழுக்குது. பக்கத்துக் காம்பிராவுல (லயத்து அறை) பிளக் உருகி, பிளாஸ்டிக் நாத்தம் எங்க இஸ்தோப்பு (முன் திண்ணை) வரைக்கும் வந்துச்சு. ஒரு காம்பிராவுல பிடிச்சா வரிசையே போயிடும்னு நமக்குத் தெரியாததா? லயம் எரிஞ்ச செய்தி வரும்போதெல்லாம் ‘மின்கசிவு’னு ஒரு சொல்லோட முடிச்சிடுறாங்க.

நாங்க செஞ்சது இதுதான்: தம்பியோட முதல் சம்பளத்துல டீவி வாங்க இருந்த காசுல, கரண்ட் கசிஞ்சா தானா விழுந்து நிறுத்துற ட்ரிப் சுவிட்ச் போட்டு, குசினிக்குத் தனி வயர் இழுத்தோம். லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வந்து செஞ்சாரு. அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அமுக்கணும், விழலைனா அது சுவரலங்காரம்தான்னு சொல்லிட்டுப் போனாரு. போன வாரம் அதுவா விழுந்துச்சு. தேடிப் பாத்தா சொக்கெட் பெட்டிக்குள்ள பல்லி.

எங்க அப்பா காலத்துக்கு இதெல்லாம் தேவைப்படல, கரண்டே இல்ல. ரூபவாஹினி 1982ல ஆரம்பிச்சு, பீதுருதாலகால உச்சியில இருந்து எங்களுக்குப் படம் தெளிவா வரும். ஆனா டீவி ஓடுறது கார் பெட்டரியில. பெட்டரி எறங்கினா சாக்குல சுத்தி டவுனுக்குச் சுமந்துட்டுப் போய் சார்ஜ் பண்ணிட்டு வரணும். ஆசிட் பட்டு அப்பாவோட சட்டையில தோள்பட்டை எல்லாம் சின்னச் சின்ன ஓட்டை.

பூனை ரவுட்டர் மேலதான் படுக்குது, அதுக்கு யாராவது வழி சொல்லுங்க. சூடாகி நெட் விட்டு விட்டு வருது.

கரும்பலகை (நுவரெலியா)

சமையலறைச் சாதனங்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்று இதை எழுதுகிறேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரம். இங்கே தண்ணீர் 94 பாகைக்கு அண்மையிலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகையில் வேகும் பருப்பு இங்கே அதைவிடக் குறைந்த சூட்டில்தான் வேக வேண்டும், ஆகவே நேரம் எடுக்கும். ரைஸ் குக்கரின் அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. தண்ணீர் வற்றி, சட்டியின் சூடு 100 பாகையைச் சற்றுத் தாண்டியதும் அந்தக் காந்தம் பிடியை விடும், சுவிட்ச் மேலே எழும்பும். அரிசி வெந்ததா என்பது அதற்குத் தெரியாது, தண்ணீர் வற்றியது மட்டும்தான் தெரியும். புதிதாக மலைக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்கள் குக்கர் பழுதாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிச் செல்வதைக் கண்டிருக்கிறேன். சிவப்பரிசியை அரை மணி நேரம் ஊற வைத்து, வழக்கத்தைவிட அரைக் கோப்பை தண்ணீர் கூட விட்டால் போதும். பருப்புக்கும் கடலைக்கும் பிரஷர் குக்கரே சரி.

இன்னொன்று, கெமரா வைத்திருப்பவர்களுக்கு. இங்கே லென்ஸைக் கெடுப்பது குளிரல்ல, ஈரம். தோல் பையில் போட்டு அலுமாரிக்குள் வைத்தால் கண்ணாடிக்குள் பூஞ்சணம் வலை பின்னிவிடும். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். அந்தப் பைகளைப் பூனைக்குட்டி எட்டும் இடத்தில் போடாதீர்கள், பந்தாட்டம் ஆடிப் பிய்த்துவிடும்.

டிரிப் சுவிட்ச்

தங்கச்சி, பூனைக்கு வேண்டியது நெட் இல்ல, சூடு. ரவுட்டரைச் செவுத்துல ஆணி அடிச்சு நெட்டுக்குத்தா மாட்டுங்க. மேல தட்டையான எடம் இல்லைனா படுக்காது. அடுப்புப் பக்கம் அட்டைப் பெட்டியில பழைய ஸ்வெட்டரைப் போட்டு வையுங்க. எங்க வீட்டுப் பூனை ரெண்டும் அப்படித்தான் எடம் மாறினது. பூனையை வீட்டை விட்டு வெரட்டிடாதீங்க. கேபிளைக் கடிக்கிற எலிக்கு இன்னும் அதை விட நல்ல சாமான் வரல.

இடி விஷயத்துல ஒண்ணு சேத்துக்குங்க. மார்ச், ஏப்ரல்லயும் ஐப்பசி மாசத்துலயும் மத்தியானத்துக்கு மேல வானம் கறுத்தா, பவர் பிளக்கை மட்டும் கழட்டினாப் போதாது. டிஷ் வயரையும், செம்புக் கம்பி டெலிபோன் லைன் இருந்தா அதையும் கழட்டணும். இடி அந்த வழியாவும் உள்ள வரும். பைபர்னா அந்த நூல் கண்ணாடி, அது வழியா கரண்ட் வராது. ரவுட்டரோட அடாப்டரைக் கழட்டினாப் போதும்.

கரண்ட் போற நேரத்துக்கு என்ன செய்யுறதுனு இன்பொக்ஸ்ல கேட்டிருந்தாங்க. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினாங்களே, அப்போ படிச்ச பாடம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை துணை மின் நிலையத்துல ஒரு குரங்கு பாய்ஞ்சு நாடே இருட்டானப்போ எங்க வீட்டுல நெட் மட்டும் கொஞ்ச நேரம் ஓடிச்சு. 20,000 மில்லி ஆம்ப் மணித்தியாலப் பவர் பேங்க்னா உள்ள இருக்கிறது 74 வொட் மணித்தியாலம். நட்டம் போக 60னு வச்சுக்குங்க. ரவுட்டர் 8 வொட் இழுத்தா ஏழு மணித்தியாலம் தாராளம். 12 வோல்ட் வெளிய குடுக்கிற கேபிளோ மினி யூபிஎஸ்ஸோ வேணும், அவ்வளவுதான். ஆனா நம்ம ஊர் டவருக்கு பெட்டரி தீந்துட்டா சிம் ரவுட்டர் எரிஞ்சும் பிரயோசனம் இல்ல. பைபர் உள்ளவங்களுக்குத்தான் இது முழுசா உதவும்.

ஊவாக் காற்று

அப்போ சாட்டிலைட் வழியா நெட் குடுக்கிற ஸ்டார்லிங்க்? 2025 ஜூலையில இருந்து நம்ம நாட்டுலயும் இருக்கே. சிக்னலே இல்லாத தோட்ட டிவிசன்ல இருக்கிற ஒருத்தருக்குக் கேக்கிறேன். அவர்கிட்ட மூணு பூனை.

டிரிப் சுவிட்ச்

சிக்னலே இல்லாத பள்ளத்துக்கு அது நல்லதுதான், ஆனா வானம் திறந்திருக்கணும். சவுக்கு மரமோ எதிர் மலையோ மறைச்சா விட்டு விட்டுத்தான் வரும். வாங்குறதுக்கு முன்ன ஸ்டார்லிங்க் அப்ளிகேஷன்ல போன் கேமராவை வானத்துக்குக் காட்டிப் பாக்கச் சொல்லுங்க, எவ்வளவு மறைக்குதுனு அதுவே சொல்லும். பெரிய டிஷ் 75ல இருந்து 100 வொட் வரைக்கும் இழுக்கும், நான் மேல சொன்ன பவர் பேங்க் ஒரு மணித்தியாலம் கூடத் தாங்காது. மினி டிஷ்னா 25ல இருந்து 40 வொட். கரண்ட் அடிக்கடி போற எடத்துக்கு நான் மினியைத்தான் சொல்லுவேன்.

பனி உள்ள நாடுகள்ல அந்த டிஷ்ஷோட சூட்டுக்குப் பூனை ஏறிப் படுக்குற படம் நெறைய வந்திருக்கு. பனியை உருக்க அதுல ஒரு ஹீட்டர் செட்டிங் இருக்கு, நம்ம ஊருக்குத் தேவையே இல்ல, அணைச்சிடச் சொல்லுங்க. கம்பத்துல ஏத்தி, கீழ தென்னை மரத்துக்கு எலி ஏறாமச் சுத்துற மாதிரி ஒரு முழத் தகரத்தைச் சுத்தச் சொல்லுங்க. மூணு பூனைல ஒண்ணு எப்படியும் ஏறும், ஆனா மூணும் ஏறாது.